'ப்ரீ-அப்ரூவ்ட்' கடிதம் வந்தால் என்ன செய்வது?

(நாக்பூர் கிளையின் மூத்த உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



"கிரெடிட் கார்டைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்கோ, கணக்கு இலாகாவிலேயே முப்பத்துநாலு வருஷம் இருந்தவராச்சே" என்றார் நம் செயலாளர். வாஸ்தவம்தான். சர்க்கார் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் ராத்திரி தூக்கம் வராது எனக்கு. ஆனால் சொந்தக் கணக்கில் ஏமாந்த கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். இதுவரை வெளியில் சொன்னதில்லை. என் ஆத்துக்காரியின் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்; மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

2006-ஆம் வருஷம். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் ஒரு வங்கியிலிருந்து வழவழப்பான உறை ஒன்று வந்தது. எனக்கு அந்த வங்கியில் கணக்கே கிடையாது. தங்கள் நற்பெயரை முன்னிட்டு தங்களுக்கு கிரெடிட் கார்டு முன்னதாகவே அனுமதிக்கப்பட்டுவிட்டது, ஆயுள் முழுக்க வருஷக் கட்டணம் இல்லை, கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்று இருந்தது. ஒரு லோனுக்காக மேலதிகாரி முன்னால் நின்று பழகியவனுக்கு, கேட்காமலே ஒருவர் 'அனுமதி' என்று எழுதினால் எப்படி இருக்கும்? பெருமையாகத்தான் இருந்தது. போட்டேன் கையெழுத்து.

கல்யாணத்தில் கடைசி நேரத்துச் செலவுகள் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 40,000 ரூபாய் கார்டில் ஏறிற்று. பில் வந்தபோது அதில் இரண்டு தொகைகள். ஒன்று 40,000. இன்னொன்று 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' 2,000. நானும் மாதாமாதம் தவணை போல அந்தக் குறைந்தபட்சத்தைக் கட்டி வந்தேன். ஒழுங்காகக் கட்டுகிறோம், கடன் கரைகிறது என்று நினைப்பு.

வட்டி மாதம் 2.95 சதவீதம். மாதத்துக்கு என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. வருஷத்துக்கு 35 சதவீதத்துக்கும் மேல். 40,000-க்கு ஒரு மாத வட்டி 1,180, அதற்கு அன்றைய சேவை வரி 144. ஆக நான் கட்டிய 2,000-த்தில் 1,324 வட்டிக்கும் வரிக்குமே போனது. பதினாலு மாதம் இப்படிக் கட்டினேன். 24,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த பிறகும் 30,000-க்கு மேல் பாக்கி நின்றது. கணக்கு இலாகாவில் வேலை பார்த்தவன் அந்தப் பில்லின் பின்பக்கத்தை ஒரு நாள்கூடப் படிக்கவில்லை.

கடைசியில் என் ஆத்துக்காரி பெயரில் இருந்த டெபாசிட் ஒன்றை முறித்துத்தான் அடைத்தேன். அவள் அப்பா கொடுத்த பணம் அது. "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றிற்று எனக்கு.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருவோம். 'ப்ரீ-அப்ரூவ்ட்' என்றால் என்ன? உங்களுக்கு அனுமதி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. உங்களைப் போன்றவர்களிடம் கார்டை விற்கலாம் என்று வங்கி தீர்மானித்திருக்கிறது, அவ்வளவுதான். கீழே பொடி எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று இருக்கும். நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் வருமானம், ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். உங்கள் கடன் வரலாற்றையும் பார்ப்பார்கள். இந்த வரலாற்றை வைத்திருக்கும் கம்பெனிகள் நம் நாட்டில் நான்கு. சிபில்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். 300-லிருந்து 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். நீங்கள் விண்ணப்பம் செய்து வங்கி விசாரித்தால் அந்த விசாரணை அதில் பதிவாகும். அடுத்தடுத்து நாலு வங்கிக்கு விண்ணப்பித்தால் மதிப்பெண் இறங்க இடம் உண்டு. ஆகவே வந்த கடிதத்துக்கெல்லாம் 'போட்டு வைப்போமே' என்று பதில் எழுதுவது சரியல்ல. உங்கள் அறிக்கையை நீங்களே பார்த்தால் மதிப்பெண் குறையாது. 2017 ஜனவரியிலிருந்து நான்கு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு. வாங்கிப் பாருங்கள். நாம் எடுக்காத கடன் நம் பெயரில் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

வட்டி இப்போது குறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். மாதம் 3.5 சதவீதம் கேட்கும் கார்டுகள் உண்டு, வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இன்னொன்று, ஒரு மாதம் முழுத் தொகையைக் கட்டாமல் விட்டால், புதிதாக வாங்கும் சாமானுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் அந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி. தலை போகிற அவசரம் தவிர அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நமக்குச் சாதகமாகவும் சில விஷயங்கள் வந்திருக்கின்றன. 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த விதிகளின்படி, நாம் கேட்காமல் கார்டு அனுப்பி அதற்குக் கட்டணமும் போட்டால், வங்கி அந்தக் கட்டணத்தைத் திருப்புவதோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்கு. நம் சம்மதமில்லாமல் கடன் வரம்பை உயர்த்தக் கூடாது. அதனால் "வந்துடுத்தே, என்ன பண்றது" என்று வேண்டாத கார்டை வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

தபாலில் வருவதாவது கையில் பிடித்துப் படிக்கும்படி இருக்கிறது. அதே வார்த்தையைச் சொல்லி போனில் அழைத்து ஓ.டி.பி. கேட்பவர்களும், குறுஞ்செய்தியில் லிங்க் அனுப்புகிறவர்களும் வேறு ஜாதி. அங்கே யோசிக்க ஒன்றுமில்லை, வைத்துவிடுங்கள்.

போன மாதம் எனக்கு மறுபடியும் ஒரு கடிதம் வந்தது. இந்த முறை நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியே அனுப்பியது. பெங்களூரிலிருக்கும் பிள்ளையிடம் சொன்னேன். "எடுத்துக்கோப்பா, பாயிண்ட்ஸ் வரும், ஏர்போர்ட்ல லவுஞ்ச்ல உக்காரலாம்" என்றான். வருஷத்துக்கு ஒரு தடவை பெங்களூர் போகிறவன் நான், அதுவும் ரயிலில். என்னிடம் ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கிறது. பதினைந்து வருஷமாக ஒரு பைசா வட்டி கட்டாமல் வைத்திருக்கிறேன். இரண்டாவது எதற்கு? மேஜை மேல் போட்டுவிட்டேன்.

அந்தச் சமயம்தான் எங்கள் காலனியில் ஒரு மாமிக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. மாமா காலமானதும், விவரம் தெரிந்த வங்கி அவர் கார்டை நிறுத்தியது. மாமி கையில் இருந்தது அவருடைய கார்டின் துணைக் கார்டு, ஆட்-ஆன் என்பார்களே, அது. அதுவும் சேர்ந்து நின்றது. மின்சார பில், காஸ் பில் எல்லாம் அதிலிருந்துதான் தானாகப் போய்க்கொண்டிருந்தன. சரி, தன் பெயரிலேயே ஒன்று வாங்கலாம் என்று போனால், கடன் வரலாறே இல்லை என்றார்கள். பத்து வருஷம் கறிகாய், மருந்து, டிக்கெட் எல்லாம் வாங்கியவர் அந்த மாமிதான். அத்தனையும் மாமா பெயரில்தான் பதிவாகியிருந்தது.

என் ஆத்துக்காரி கையில் இருப்பதும் துணைக் கார்டுதான். எனக்கு 71 வயது. கடிதத்தை எடுத்து அவளிடம் காட்டி, "இது எனக்கு வேண்டாம். உன் பேர்ல ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்டேன். "ஏன்னா, பழசெல்லாம் மறந்து போச்சா?" என்றாள். மறக்கவில்லை, அதனால்தான் கேட்கிறேன் என்றேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு, "வாங்கோ, போய்க் கேட்டுண்டு வரலாம்" என்றாள்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு டெபாசிட்டின் பேரில் கார்டு கொடுக்கிறார்கள். பல வங்கிகளில் இந்த வசதி உண்டு. அவள் பெயரில் 50,000 ரூபாய் டெபாசிட் போட்டோம். அதன் மேல் கொஞ்சம் குறைந்த வரம்புக்குக் கார்டு. டெபாசிட்டுக்கு வட்டி வழக்கம்போல வரும். ஆனால் கார்டு இருக்கும்வரை அதை எடுக்க முடியாது, பில்லைக் கட்டாவிட்டால் வங்கி அதிலிருந்து பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு சின்னச் செலவு செய்து, முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டி வந்தால், அவள் பெயரில் வரலாறு தானாக எழுந்து நிற்கும். இங்கே உட்கார்ந்திருக்கும் மாமாக்கள் இன்றைக்கு ஆத்துக்குப் போனதும் மாமியின் கார்டு யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முதல் பில் போன வாரம் வந்தது. 1,846 ரூபாய், மருந்துக் கடையில் வாங்கியது. கெடு தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறதே என்றேன். கேட்கவில்லை, அன்றைக்கே கட்டிவிட்டாள். பில்லின் பின்பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். அதில் ஒரு வரி எனக்கே புரியவில்லை. வங்கிக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

காபி வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். கணக்குக் கேள்வியை என்னிடம், மற்றதை மூன்றாவது வரிசையில்.