எந்த ஆபரேஷன் நல்லது?

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் ஆற்றிய உரை)



குறட்டையைக் கேட்டுச் சிரிப்பது நம் வழக்கம். ஆனால் குறட்டை சட்டென்று நின்று, சில விநாடிகள் மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறி எழும் கணவருக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குச் சிரிப்பு வராது. அப்படிப்பட்ட ஒரு சகோதரி வார்டில் எங்களைத் தேடி வந்தார். "ஐயா, எந்த ஆபரேஷன் நல்லது என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

கணவர் லாரி ஓட்டுகிறவர். வண்டியிலேயே இரண்டு முறை கண்ணயர்ந்திருக்கிறார். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு தடைப்படுவது தெரிந்தது. 5க்குக் கீழே இருக்க வேண்டியது அது.

டாக்டர் விளக்கியபோது நாங்களும் அவர்களோடு உட்கார்ந்திருந்தோம். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே இந்நோய். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது மிகப் பழைய முறை. அடைப்புக்குக் கீழே வழி திறப்பதால் பலன் நிச்சயம். ஆனால் அதை விரும்புவோர் இல்லை. 1981இல் அமெரிக்காவில் அறிமுகமானது, உள்நாக்கையும் அண்ணத்தின் பின்பகுதியில் மிகுதியான சதையையும் நீக்கும் முறை. 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 100 பேரில் சுமார் 40 பேருக்கே வெற்றி. அடைப்பு நாக்குக்குப் பின்னால் இருந்தால் அதுவும் இல்லை என்னலாம்.

மேல், கீழ் இரு தாடைகளையும் அறுத்துச் சுமார் 1 சென்டிமீட்டர் முன்னே நகர்த்துவது மற்றொரு முறை. 2010இல் வந்த தொகுப்பின்படி 100க்கு 86 பேருக்கு வெற்றி. ஆனால் பெரிய ஆபரேஷன். உதடும் முகவாயும் மரத்துப்போவதுண்டு. நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியை மார்பில் பதிப்பதற்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை நம்மவர்க்கு எட்டாது.

"அப்படியானால் தாடை ஆபரேஷன்தானே?" என்றார் கணவர். டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "வெற்றி என்றால் என்ன தெரியுமா? எண்ணிக்கை பாதியாகி, 20க்குக் கீழே வந்தால் ஏட்டில் வெற்றி. உங்கள் 38, 19 ஆனாலும் வெற்றிதான். மணிக்கு 19 தடவை மூச்சு தடைப்படுகிறவரை நம்பி லாரியைக் கொடுப்பார்களா?"

நாங்கள் அதுவரை இப்படி யோசித்ததில்லை.

அவருக்கு அடைப்பு நாக்குக்குப் பின்னால். ஆகவே முதலில், மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சீபேப் கருவியைப் பரீட்சித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சரியாகும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிய துக்கம். முதல் வாரம் மாஸ்க்கைக் கழற்றி எறிந்தார். அளவு மாற்றிக் கொடுத்தபின் பழகிக்கொண்டார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், எந்த ஆபரேஷன் என்று கேட்குமுன், அடைப்பு எங்கே, வெற்றி என்று எதைச் சொல்லுகிறீர்கள் என்று கேளுங்கள். ஆபரேஷன் செய்துகொண்டாலும், பிறகு தூக்கப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். குறட்டை நின்றதாலேயே நோய் நின்றுவிட்டதென்று சொல்ல முடியாது.

ஒரு மாதம் கழித்து அந்தச் சகோதரி வந்தார். "அவர் நன்றாகத் தூங்குகிறார் ஐயா. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சத்தமே இல்லையே என்று எழுந்து எழுந்து மூச்சைப் பார்க்கிறேன்" என்றார். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தோம்.