ஆகாயத்திற்கு ஒரு வாசல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தின் முடிவிலே ஓர் அம்மையார் எழுந்து, தம் மகள் விமானம் ஓட்டக் கற்க விரும்புகிறாளென்றும், சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து அதற்கு உதவி கிடைக்குமா என்றும் வினவினார்கள். சிலர் நகைத்தனர். சிலர், வைத்தியமும் பொறியியலும் இருக்க இந்த ஆகாய வித்தை எதற்கு என்றனர். பெரியவர் ஒருவர், பெண் பிள்ளைக்கு அது ஆபத்தான தொழில் என்று கவலையோடு சொன்னார்கள். அன்று அவ்வினாவுக்கு விடை கூறாமலே கூட்டம் கலைந்தது. அதைக் குறித்து இன்று சில வார்த்தைகள் பேசுமாறு அக்கிராசனர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள்.

நாம் விமானம் ஓட்ட அறிந்தவரல்லோம். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, சிகாகோ நகரத்துக்கு வெளியே, ஒரு சிறு மைதானத்தின் ஓரத்தில் நடைபெற்ற விமானப் பள்ளி ஒன்றின் வரலாற்றை நாம் ஆவலோடு வாசித்திருக்கிறோம். பிறப்பினால் ஒதுக்கப்பட்ட மக்கள் தமக்கென அமைத்துக்கொண்ட பள்ளி அது. நம்மைப் போன்ற சங்கத்தார் அதனை அறிந்துகொள்ளுதல் பெரிதும் பயன் தருமென எண்ணி, அவ்வரலாற்றையே இன்று எடுத்துரைக்கத் துணிந்தோம்.

அப்பள்ளியின் கதை ஒரு பெண்மணியிடமிருந்தே தொடங்குகின்றது. அவர் பெயர் பெஸ்ஸி கோல்மன். 1892ஆம் வருஷம் டெக்ஸாஸ் மாகாணத்திலே, பருத்திக் காட்டில் உழைக்கும் ஏழைக் கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தவர். பின்னர்ச் சிகாகோ சேர்ந்து, க்ஷவரக் கடையொன்றில் வருவோரின் நகங்களைத் திருத்தும் வேலை செய்து பிழைத்து வந்தார். முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸ் தேசம் சென்று திரும்பிய அவர் தமையனார், அந்நாட்டுப் பெண்கள் விமானம் ஓட்டுகிறார்களென்றும், உன்னால் அது ஆகுமா என்றும் ஏளனமாகக் கேட்டாராம். அவ்வேளனமே அம்மாதுக்கு உபதேசமாயிற்று.

அமெரிக்காவில் அவர் அணுகிய விமானப் பள்ளி ஒன்றேனும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம் ஒரு தடை. பெண்ணென்பது மற்றொரு தடை. அப்போது 'சிகாகோ டிஃபெண்டர்' என்னும் பத்திரிகையை நடத்திய ராபர்ட் ஆபட் என்பவர், பிரான்ஸுக்குச் செல்லுமாறு அவருக்கு யோசனை கூறினார். அம்மையார் பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டார், பணம் சேர்த்தார், 1920ஆம் வருஷம் நவம்பர் மாதம் கப்பலேறினார். வட பிரான்ஸில் லெ க்ரோதுவா என்னும் கடற்கரை ஊரிலே கோத்ரோன் சகோதரர்கள் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். உடன் பயின்ற மாணாக்கர் ஒருவர் விபத்தில் மாண்டதைக் கண்ணாரக் கண்டும் கல்வியை விட்டாரில்லை. 1921ஆம் வருஷம் ஜூன் 15ஆம் தேதி சர்வதேச விமானச் சங்கத்தின் அனுமதிப் பத்திரத்தைப் பெற்றார்.

தாய்நாடு திரும்பிய பின்னர், வானத்தில் வித்தைகள் காட்டியும் ஊரூராகப் பிரசங்கம் செய்தும் அவர் பொருள் ஈட்டினார். தம் இனத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விமானப் பள்ளி நிறுவ வேண்டுமென்பதே அவர் நோக்கம். 1925ஆம் வருஷம் டெக்ஸாஸில் ஓரூரில் காட்சி நிகழவிருந்த காலை, வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு வேறொரு வாசல் என்று ஏற்பாடு செய்திருந்தனர். எல்லோரும் ஒரே வாசல் வழியாக வந்தாலன்றித் தாம் பறக்கப் போவதில்லை என்று அவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். அவ்வாறே வாசல் ஒன்றாயிற்று. உள்ளே இருக்கைகள் வேறு வேறாகவே இருந்தன. ஆயினும் வாசல் ஒன்றாயிற்று.

1926ஆம் வருஷம் ஏப்ரல் 30ஆம் தேதி, பிளாரிடா மாகாணத்து ஜாக்ஸன்வில் நகரத்திலே, மறுநாள் காட்சிக்காக நிலத்தைப் பார்வையிடப் பறந்தபோது அவர் விமானம் நிலை தவறியது. கீழே எட்டிப் பார்ப்பதற்காக இடைப்பட்டையை அணியாதிருந்த அவர் வெளியே வீசப்பட்டு உயிர் துறந்தார். விமானம் ஓட்டிய அவருடைய இயந்திர நிபுணரும் மாண்டார். இயந்திரத்துள் தவறுதலாகத் தங்கிவிட்ட ஒரு திருகு சாவியே காரணமெனப் பின்னர்க் கண்டனர். அம்மையாருக்கு வயது 34. அவர் எண்ணிய பள்ளி அப்போது எழவில்லை.

அன்பர்களே! நம் பெரியவர் சொன்ன ஆபத்தை நாம் மறைக்க விரும்பவில்லை என்பதற்காகவே இதனை விரித்துரைத்தோம். ஆபத்து உண்டு. ஆனால் ஒரு திருகு சாவியினால் இரண்டு உயிர் போயிற்று என்று அறிந்தபின், திருகு சாவிகளை எண்ணி வைக்கும் பழக்கத்தைக் கற்பிப்பதே அறிவுடைமை. அதனைக் கற்பிக்க வந்தவர்களைப் பற்றி இனிக் கூறுவோம்.

சிகாகோவில் கார்னீலியஸ் காஃபி, ஜான் ராபின்ஸன் என்னும் இரண்டு கறுப்பின வாலிபர்கள் மோட்டார் வண்டி பழுது பார்க்கும் தொழில் செய்து வந்தனர். விமானத் தொழில் கற்க விரும்பிக் கர்டிஸ் ரைட் பள்ளிக்குத் தபால் மூலம் விண்ணப்பித்தனர், பள்ளியாரும் ஏற்றுக்கொண்டனர். நேரிற் சென்று நின்றபோது, நிறத்தைக் கண்டு கதவை அடைத்துவிட்டனர். ராபின்ஸன் சோர்ந்து போகவில்லை. அப்பள்ளியிலேயே துடைப்பம் பிடிக்கும் வேலைக்கு அமர்ந்து, வகுப்பறையைப் பெருக்கும்போது ஆசிரியர் சொல்வதைக் கேட்டும், பலகையில் எழுதியிருப்பதைக் குறித்துக்கொண்டும் பயின்றார் என்பர். துரோணர் மறுத்த ஏகலைவன் கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் இக்கதையில் கட்டை விரல் கேட்கப்படவில்லை. அவர்களை வேலைக்கு வைத்திருந்த எமில் மாக் என்னும் வெள்ளையர், பள்ளியின்மீது வழக்குத் தொடுப்பதாக எச்சரித்து, இருவரையும் சேர்த்துக்கொள்ளச் செய்தார். 1931ஆம் வருஷம் இருவரும் தேர்ச்சி பெற்றனர். எவ்விடத்தில் மறுக்கப்பட்டனரோ அவ்விடத்திலேயே பின்னர்த் தம் இனத்தவருக்கு வகுப்பு நடத்தினர்.

அவ்வகுப்பிலே சேர்ந்த பெண்மணி ஜானெட் ஹார்மன் பிராக் என்பவர். தாதித் தொழில் செய்தவர். விமானமில்லாமல் விமானக் கல்வி ஏது? அவர் தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்த 600 டாலர் கொடுத்து ஒரு விமானம் வாங்கினார். அதில் தோழர்கள் யாவரும் பயின்றனர். எந்த மைதானமும் அவர்களை இறங்க விடாமையால், ராபின்ஸ் என்னும் கறுப்பின மக்களின் சிற்றூரில் தாங்களே மரம் வெட்டி, கல் பொறுக்கி, நிலம் சமன் செய்து ஓடுபாதை அமைத்தனர். சில காலத்துக்குள் பெருங்காற்று ஒன்று அங்கிருந்த கொட்டகையைத் தகர்த்தெறிந்தது. அதன்பின், ஓக் லான் என்னுமிடத்தில் ஹார்லெம் விமான மைதானத்தை நடத்திய வெள்ளையர்கள் தங்கள் நிலத்தின் ஒரு கோடியில் அவர்களுக்கு இடமளித்தனர். அங்கேதான் காஃபி விமானப் பள்ளி வேரூன்றியது.

அப்பள்ளியை நடத்துவதில் காஃபியின் வலக்கரமாக விளங்கியவர் வில்லா பிரௌன் அம்மையார். முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1938ஆம் வருஷம் விமானம் ஓட்டும் உரிமை பெற்றவர். காஃபி இயந்திரத்தை அறிந்தவர். வில்லா அம்மையார் மக்களை அறிந்தவர். பத்திரிகை அலுவலகத்துக்குள் வெண்ணிறப் பறப்புடையோடு நுழைந்து, எங்கள் விமானக் காட்சியைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்கும் துணிவு அவருக்கிருந்தது.

சிறு பள்ளியிலே விமானம் ஓட்டக் கற்பது எங்ஙனம் என்று அறிய நம் இளைஞர்கள் ஆவலாயிருப்பர். முதலிற் கற்பது பறப்பதன்று, தொட்டுப் பார்ப்பது. பெட்ரோலில் நீர் கலந்துளதா, சக்கரம் நன்றாயிருக்கிறதா, சிறகின் கீல்கள் தடையின்றி அசைகின்றனவா, கருவி ஏதேனும் உள்ளே கிடக்கிறதா என்று மாணாக்கர் சுற்றி வந்து பார்க்க வேண்டும். அக்காலச் சிறு விமானங்களில் முன்னிருக்கும் விசிறியைக் கையாற் சுழற்றியே இயந்திரத்தை எழுப்புவர். விசை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று உரக்கக் கேட்டு, மறுமொழி பெற்ற பின்னரே அதனைத் தொடுவர். ஆசானும் மாணாக்கரும் ஒருவர் பின் ஒருவராக அமர்வர். இருவர் முன்னும் ஒரே மாதிரியான கைப்பிடிகள் உண்டு. ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசையும். ஆகவே, மாணாக்கர் தவறு செய்யும்போது ஆசானின் கை அதனை உடனே அறிந்து திருத்தும்.

கற்பதற்கு மிக அரியது யாதெனில், மூக்கை மிகவும் உயர்த்தினால் சிறகு காற்றின் பிடியை இழந்து விமானம் விழத் தொடங்கும். அப்போது மனித இயல்பு கைப்பிடியை இன்னும் பின்னுக்கு இழுக்கச் சொல்லும். செய்ய வேண்டுவதோ அதனை முன்னே தள்ளி, மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைப் பெறுவது. அச்சம் சொல்வதைக் கேளாமல் அறிவு சொல்வதைக் கேட்கும் இப்பயிற்சியை, போதிய உயரத்தில் நின்று, ஆசான் பலமுறை செய்விப்பார். பிறகு ஒரு நாள், முன்னறிவிப்பின்றி, ஆசான் விமானத்திலிருந்து இறங்கிவிடுவார். தனியே போய் வா என்பார். அந்நாளை எந்த விமானியும் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை.

காஃபி இயந்திரத் தொழிலிலிருந்து வந்தவராதலின், காற்றும் பெட்ரோலும் கலக்கும் குழாயிலே, வெப்பமான நாளிலும்கூட, ஈரம் உறைந்து பனிக்கட்டியாகி இயந்திரத்தை மூச்சடைக்கச் செய்யும் என்பதை நன்கறிந்தவர். அதனைத் தடுக்கச் சூடான காற்றைச் செலுத்தும் கருவியொன்றை அவர் அமைத்தார் என்றும் கூறுவர். மோட்டார் பழுது பார்த்த கைகளே இவ்வாறு வானத்தில் உயிர் காக்கும் கைகளாயின.

1939ஆம் வருஷம் அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களில் இளைஞர்களுக்கு விமானம் ஓட்டக் கற்பிக்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. அதில் 72 மணி நேரம் நிலத்தில் பாடமும், 35 முதல் 50 மணி நேரம் வானத்தில் பயிற்சியும் உண்டு. கறுப்பினத்தவர் அதில் இடம் பெற வேண்டுமென்று காஃபியும் வில்லா அம்மையாரும் பிறரும் விமானிகள் சங்கம் ஒன்றைக் கூட்டிப் பாடுபட்டனர். அவ்வருஷம் மே மாதம் சான்ஸி ஸ்பென்ஸர், டேல் வைட் என்னும் இருவர் ஒரு பழைய விமானத்தில் சிகாகோவிலிருந்து வாஷிங்டனுக்குப் பறந்தனர். வழியில் இயந்திரம் பழுதுற்று ஒஹையோவில் ஒரு வயலில் இறங்க நேர்ந்தும் திரும்பவில்லை. தலைநகரில் அவர்களைச் சந்தித்தவருள் பிற்காலத்தில் ஜனாதிபதியான ட்ரூமன் ஒருவர். இனம், சமயம், நிறம் பற்றி எவரையும் விலக்கலாகாது என்னும் விதி அச்சட்டத்தில் ஏறியது. காஃபி பள்ளியும் அத்திட்டத்தில் இடம் பெற்றது. அங்கே பயின்றவர் சிலர், 1941ஆம் வருஷம் டஸ்கீகியில் தொடங்கிய கறுப்பின விமானப் படைப் பயிற்சிக்குச் சென்றனர். 1948ஆம் வருஷம் ஜூலை 26ஆம் தேதி ட்ரூமன் பிறப்பித்த ஆணையால் இராணுவத்தில் நிறப் பிரிவினை ஒழிக்கப்பட வழி பிறந்தது.

ஆயினும் கதவுகள் யாவும் ஒருங்கே திறந்துவிடவில்லை. ஜானெட் பிராக் அம்மையார் அலபாமாவில் தொழில் விமானிக்குரிய பரீட்சையில் நன்றாகப் பறந்து காட்டியும், கறுப்புப் பெண்ணுக்குத் தாம் அவ்வுரிமையை அளிப்பதில்லை என்று பரீட்சகர் மறுத்தார். அம்மையார் சிகாகோ பக்கம் திரும்பி, அதே பரீட்சையில் மீண்டும் தேர்ந்து, அதனைப் பெற்றார்.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொட்டது ஒன்று உண்டு. இத்தனை கதவுகளால் அடிபட்ட காஃபி, தாம் நிறுவிய பள்ளியின் கதவை எவருக்கும் அடைக்கவில்லை. அங்கே பெண்கள் பயின்றனர்; வெள்ளையரும் பயின்றனர். எம்மைச் சேர்த்தீரா நீர் என்று அவர் பழி தீர்த்திருக்கலாம், அது செய்தாரில்லை. ஹார்லெம் மைதானம் இன்று இல்லை. அங்கே கடைகள் எழுந்துவிட்டன. ஆயினும் சிகாகோவின் மிட்வே நிலையத்தை நோக்கி வரும் விமானங்களின் வழிக்குறிப்பு ஒன்றுக்கு 1980ஆம் வருஷம் காஃபியின் பெயர் சூட்டப்பட்டது.

சங்கத்து அன்பர்களே! நம் முன்னோர் இச்சங்கத்தை எதற்காகக் கூட்டினர்? நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் எட்டாதிருந்த காலத்தில், அவர்களைக் கைதூக்கி விடுவதற்கேயன்றோ? அந்நோக்கத்தை மறவாதிருப்போமானால், அவ்வம்மையார் கேட்ட கேள்விக்கு விடை காண்பது கடினமன்று. நம் நாட்டில் தொழில் விமானியாவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்காகும் செலவு நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடியதன்று. முழுச் செலவையும் சங்கம் ஏற்க இயலாது என்பதை நாம் அறிவோம். ஆனால் தாதி ஒருத்தியின் 600 டாலர் ஒரு பள்ளிக்கு விமானமாயிற்று. மருத்துவப் பரிசோதனைக்கும் முதற் பரீட்சைகளுக்குமான தொகையையேனும் வட்டியில்லாக் கடனாக அளிக்கலாமென்பது நமது அபிப்பிராயம். அப்பெண் தேறித் திருப்பித் தரும் பணம் அடுத்த பிள்ளைக்காகட்டும்.

இன்னொன்றும் வேண்டிக்கொள்ளுகிறோம். அந்த அடுத்த பிள்ளை நம் சமூகத்துப் பிள்ளையாகவே இருக்க வேண்டுமென்று விதி எழுதாதிருப்போமாக. இவ்வார்த்தை இச்சபையில் சிலருக்குக் கசக்கலாம். கதவடைக்கப்பட்டு நின்றவர்களின் மக்கள் நாம். நம் கையில் ஒரு சாவி வந்திருக்கும்போது அதனை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மகளின் விண்ணப்பம் அடுத்த நிர்வாக சபையின் முன் வருமென அறிகிறோம். அன்பர்கள் இதனை ஆர அமர யோசித்து, நகைக்காமல் விடை கூறுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.