மறைக்கப்பட்டோர் வரலாறும் ஒரு நூலகமும்



பினாங்கில் ஜெலுத்தோங் என்ற ஊரை அறியாதவர் நம்மில் குறைவு. தோட்டத்தை விட்டு வந்த நம்மவர் குடும்பங்களும் அங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். நம் ரப்பரைப் போல் அதுவும் பால்மரந்தான். அதன் பாலிலிருந்து ஒரு காலத்தில் சுவிங்கம் செய்தார்கள். இன்று அந்த ஊரில் அந்த மரத்தைக் காண்பது அரிது. எழுத்தில் ஏறிய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எழுத்தில் ஏறாதவை என்னவாகும்?

இக்கேள்விக்கு விடை நமக்கே தெரியும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டு சென்றனர். அங்கே மாண்ட வெள்ளையர் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. மாண்ட நம்மவர்களுக்கோ முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. அதனால்தான் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு இன்றும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

இதே இழப்பு நம் வீடுகளுக்குள்ளேயே சிலருக்கு நேர்கிறது. ஆணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டுப் பெண்ணாக வாழ்கின்ற திருநங்கையர், பெண்ணாகக் கருதப்பட்டு ஆணாக வாழ்கின்ற திருநம்பியர், தம் பாலினத்தவரையே விரும்புவோர் ஆகியோரைத்தான் குறிப்பிடுகின்றோம். இப்படி ஒரு பிள்ளை இருந்தால், குடும்பப் படத்திலிருந்து அதன் முகத்தைக் கத்தரித்து எடுத்துவிடும் வீடுகள் உண்டு. கடிதங்கள் அடுப்புக்குப் போகும். ஒரு தலைமுறை கழிந்தால், அப்படி ஒருவர் பிறந்ததே இல்லை என்றாகிவிடும்.

இவர்கள் நேற்று முளைத்தவர்கள் அல்லர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் பேடியரைக் குறிக்கும் சொற்களைப் பற்றி ஒரு நூற்பா உண்டு. தெய்வப் பெயர்களோடு சேர்த்து, அச்சொற்களுக்கும் உயர்திணை முடிவையே கொடுக்கிறார் தொல்காப்பியர். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் பேடியாடலும் ஒன்று. இலக்கணமும் காப்பியமும் இடம் கொடுத்தன. நம் வீட்டுப் படப் பெட்டிதான் இடம் கொடுக்க மறுக்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்க அவர்களே முன்வந்தார்கள். பெங்களூரில் 1999இல் தொடங்கிய சங்கமா என்ற அமைப்பு, முதலில் நூல்களையும் செய்திகளையும் திரட்டி வைக்கும் ஆவண நிலையமாகவே பிறந்தது. அங்கே பணியாற்றிய ரேவதி என்ற தமிழ்த் திருநங்கை, தம்மைப் போன்றவர்களிடம் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டெழுதி, ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலாக்கினார். பின்னர் லிவிங் ஸ்மைல் வித்யா, பிரியா பாபு முதலியோரும் எழுதினர். பிரியா பாபு மதுரையில் திருநங்கையர் ஆவண மையம் ஒன்றை அமைத்து, தம் மக்களைப் பற்றிய நூல்களையும் செய்தித்தாள் நறுக்குகளையும் சேர்த்து, நூலகமாக நடத்தி வருகிறார். பிறர் எழுதிய ஏளனத்தை மட்டுமே படித்து வளர்ந்த ஒரு பிள்ளை, அங்கே தன்னைப் போன்றவர் எழுதியதைப் படிக்கலாம். இது சிறிய காரியமா?

இத்தகைய நூலகத்துக்கு ஆபத்தும் உண்டு. ஜெர்மனியில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1919இல் பெர்லின் நகரில் பாலின ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். 1933 மே 6ஆம் நாள் நாஜி மாணவர்கள் அதைச் சூறையாடினர். மே 10ஆம் நாள் அதன் நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் கொளுத்தினர். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்த நமக்கு, அந்த நெருப்பின் சூடு தெரியாதா? பினாங்கிலும் 2018 ஆகஸ்டில், ஜார்ஜ் டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து நிஷா அயுப், பாங் கீ தெய்க் என்னும் இருவரின் படங்கள், அமைச்சர் ஒருவரின் பணிப்பின்பேரில் அகற்றப்பட்டன. சுவரில் இருப்பதை ஒரே நாளில் எடுத்துவிடலாம். பல கைகள் பாதுகாத்து வைத்ததை அழிப்பது அவ்வளவு எளிதன்று.

நாம் என்ன செய்யலாம்? முதலாவது, எந்தப் படத்தையும் கத்தரிக்காதீர்கள். இன்று கோபத்தில் வெட்டிய முகத்தை நாளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இரண்டாவது, படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். மூன்றாவது, கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் அதன் பசை மஞ்சளாகிக் கறை விடும். ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில், அடுப்படிக்கு அப்பால் வையுங்கள். நான்காவது, முதியவர்கள் பேசும்போது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. ஒருவர் தம்மைப் பற்றி நம்மிடம் மட்டும் சொன்னதை அவர் சம்மதமின்றி ஊருக்குச் சொல்வது சேமிப்பு ஆகாது, அது துரோகம். நம் நாட்டில் அதனால் வேலையும் வீடும் போகலாம். உயிருக்கே ஆபத்தும் வரலாம். யார், எப்போது பார்க்கலாம் என்பதைச் சொந்தக்காரரே முடிவு செய்யட்டும்.

கூலிக்காரனுக்கு ஏது வரலாறு என்று நம் பாட்டன்மாரை ஏளனம் செய்தவர்கள் உண்டு. அந்த வலியை அறிந்த நாம், அதே சொல்லை நம் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லலாமா? அப்பிள்ளையின் பெயரும் முகமும் நம் குடும்பப் பெட்டியில் இருக்கட்டும்.