சோலைவரி: தெரிந்து கட்டுவோம்



உதவி கேட்டு எம்மிடம் வரும் சிலரின் கையில் சோலைவரி நிலுவைக் கடிதம் இருக்கிறது. "வருமானமே இல்லை, வரி எதற்கு?" என்று கேட்கிறார்கள். இது வருமான வரி அல்ல. வீட்டுக்கு ஒரு வருடத்தில் என்ன வாடகை கிடைக்கும் என்று கணிப்பதே ஆண்டுப் பெறுமதி. அதில் சபை தீர்மானிக்கும் நூற்றுவீதமே வரி. பெறுமதி 30,000 ரூபா, வரி 8 வீதம் என்றால் வருடத்துக்கு 2,400, காலாண்டுக்கு 600.

முழு வருட வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. அதாவது 240 ரூபா மிச்சம். காலாண்டு வரியை அதன் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 வீதம். கட்டாமல் விட்டால் செலவு கூடும். வீட்டுப் பொருட்களைக் கைப்பற்றவும் சபைக்கு அதிகாரமுண்டு.

பெறுமதி அதிகம் என்று நினைத்தால், அறிவித்தலில் உள்ள திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

வாப்பா மௌத்தானால் வரிப் பதிவில் பெயரை மாற்றுங்கள். நிலுவையும் கடன்தான், பங்கு பிரிக்குமுன் தீர்க்க வேண்டியது. கடிதம் விளங்காவிட்டால் ஒளித்து வைக்காமல் எம்மிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.

கடனில்லாத வாழ்வை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.