அக்கிரகாரத்தில் ஒரு கழுதை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் சினிமாப் பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதிலும் நாம் எடுத்துக்கொண்டிருப்பது 'அக்கிரகாரத்தில் கழுதை' என்னும் 1977-ஆம் ஆண்டுப் படம். அதனை நம் மன்றத்தில் திரையிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது செயற்குழுவில் நேர்ந்த சலசலப்பை அன்பர்கள் அறிவர். இங்கு அமர்ந்திருப்போரில் பலர் அத்தகைய தெருக்களிலிருந்து வந்தவர்கள். நாமும் அத்திண்ணைகளில் உருண்டு வளர்ந்தவரே.

படத்தை இயக்கிய ஜான் ஆபிரகாம் தமிழர் அல்லர். 1937-இல் பிறந்த கேரளத்தவர். பெல்லாரியில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உத்தியோகம் பார்த்தவர். முதல் தேதிச் சம்பளத்தின் அருமையறிந்த நமக்கு, அவர் அதனை உதறிவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குச் சென்றது பேதைமையாகவே தோன்றும். அங்கே ஆசானாக வாய்த்தவர் வங்கத்தின் ரித்விக் கட்டக். பிரிவினையால் ஊரிழந்தோர் துயரை 'மேகே டாக்கா தாரா' (1960) முதலிய படங்களில் ஒப்பனையின்றிக் காட்டியவர். ஆசானின் அஞ்சாமை மாணவரையும் பற்றிக்கொண்டது. குடிப்பழக்கமும் உடன் பற்றியதுதான் நம் வருத்தம்.

கழுதை வந்த வழி வேறு. பிரான்சு நாட்டின் ராபர்ட் பிரெசோன் 1966-இல் பல்தஸார் என்னும் கழுதையைத் தலைவனாக வைத்து ஒரு படம் எடுத்தார். அது கை மாறிக் கை மாறி அடிபட்டு, இறுதியில் மலைச்சரிவில் ஆட்டு மந்தையின் நடுவே உயிர்விடும். ஜானின் படத்திற்கு ஊக்கம் அதுவே என்பர். எனினும் இரவல் வாங்கியது கழுதையை மட்டுமே. பல்தஸாரைக் கண்டு நாம் கண்ணீர் விடலாம். அவ்வூர்க்காரர் நம் உறவினர் அல்லர். ஜானின் கழுதையோ நம் தெருவில் நிற்கிறது.

தாயிழந்த கழுதைக் குட்டியை ஒரு கல்லூரிப் பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். கல்லூரியில் ஏளனம் எழவே, சொந்த ஊர் அக்கிரகாரத்தில் கொண்டு விடுகிறார். உமா என்னும் ஊமைப் பெண் அதனைப் பேணுகிறாள். ஊரில் எது நேர்ந்தாலும் பழி கழுதைக்கே. உமாவுக்கு இறந்து பிறந்த குழந்தையின் உடல் கோயிலருகே கிடந்தபோது, அப்பழியும் கழுதையின்மேல் விழுகிறது, அதனைக் கொல்விக்கின்றனர். பின்னர் நன்மைகள் நிகழவே, அதே ஊர் அதற்குக் கோயில் எழுப்ப முனைகிறது! உமாவைக் கெடுத்தவன் யார் என்று வினவ மட்டும் அங்கு ஒருவருமில்லை. நம்மை உறுத்தியது கழுதையன்று, அவ்வினாவே.

பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். திரைக்கதை எழுதிய வெங்கட் சாமிநாதன் நம்மைப்போலவே தில்லியில் அரசுப் பணியாற்றிய தமிழர். தமிழில் சிறந்த படமென்று தேசிய விருது கிடைத்தது. தமிழகத் திரையரங்குகளோ அதனை ஏறக்குறைய அறியவே இல்லை.

முதலாளிகளை நம்பிப் பயனில்லையென்று கண்ட ஜான், பின்னர்த் தோழர்களுடன் 'ஒடெசா' என்னும் குழுவைக் கூட்டினார். ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) படிக்கட்டுக் காட்சியால் உலகறிந்த நகரின் பெயர் அது. ஊர் ஊராகச் சென்று மக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்தில் 'அம்மா அறியான்' (1986) உருவாயிற்று. மறு ஆண்டே, 1987 மே 31-இல், கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து மறைந்தார். வயது 49.

பொருளாளர் இதனைக் கேட்டுப் பெருமூச்செறிவது தெரிகிறது. நாம் வேண்டுவது நன்கொடையன்று. ஒரு மாலைப்பொழுதும் இம்மன்றமுமே. செயற்குழு இசைவு தருமாயின் அடுத்த மாதமே திரையிடலாம். இடையில் எழுந்து செல்ல விரும்புவோர் தாராளமாகச் செல்லலாம்; இறுதிவரை இருப்போருக்குக் காபி உண்டு, சண்டையையும் அப்பொழுதே வைத்துக்கொள்ளலாம்.