சர்க்கரைக் கருவி காட்டும் கணக்கு



என் புயத்தில் ஒட்டியுள்ள சர்க்கரைக் கருவியைப் பற்றி ஆலயத்தில் பலர் கேட்கிறீர்கள். அது இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் ஊறும் நீரை அளக்கிறது. ஆகவே எண் சில நிமிடம் பிந்தியே வரும்.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். 100 வாங்கியவனையும் 0 வாங்கியவனையும் சேர்த்தால் சராசரி 50 என்பது பழைய வாத்தியாருக்குத் தெரியாதா! 3.9-க்கும் 10.0 மில்லிமோலுக்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று பாருங்கள். பொதுவாக 70 விழுக்காடு வேண்டும். உடல் தளர்ந்த முதியோருக்குப் பாதி நேரம் போதும், ஆனால் 3.9-க்குக் கீழே நாளுக்குக் கால் மணி நேரம்கூடத் தாண்டக்கூடாது.

இன்சுலின் போடுவோர் அம்புக்குறியையும் பாருங்கள். 5.5 நல்ல எண்தான். அம்பு செங்குத்தாகக் கீழ்நோக்கினால் ஆபத்து நெருங்குகிறது. அந்தக் கைமேல் படுத்துறங்கினால் கருவி பொய்யாகவும் அலறும். விரலில் குத்திப் பாருங்கள். வியர்த்து நடுங்கினாலோ, சோதனைக்குக் காத்திராமல் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள்.