நம்மால் ஆகுமா?

திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பெருமக்களே, இடம் கிடைக்காமல் கதவோரம் நின்றுகொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே!

கனவும் தன்னம்பிக்கையும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். இந்த ஊரில் அப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால் பேச்சாளர் நேராகத் தும்பாவுக்குத்தான் போவார். போக வேண்டிய இடம்தான். 1963 நவம்பர் 21 அன்று அந்த மீனவர் கிராமத்திலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. மறு ஆண்டு ஜூலை 18 அன்று, கலாம் தலைமையிலான அதே குழு ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் ஏற்றிக் காட்டியது. இதை நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டீர்கள். அந்தக் குழுவுக்குப் பின்னால் ஒரு நாடு நின்றது. பின்னால் யாருமே நிற்காத ஒரு மனிதன் "நம்மால் ஆகுமா?" என்ற கேள்வியை எப்படித் தாண்டுகிறான்? அதைச் சொல்ல நான் உங்களைக் கிழக்கேகோட்டை வழியாகச் சாலைக் கம்போளத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

திவான் ராஜா கேசவதாசர் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உண்டான கடைத்தெரு அது. இன்றைக்கும் காலையில் போனால் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் கத்துகிற கத்தலில் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். தமிழில் தொடங்கிய பேரம் மலையாளத்தில் முடியும். அந்தத் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவர் ஆ. மாதவன். 1934-இல் இதே ஊரில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் அவருக்கு வீட்டில் காதில் விழுந்த மொழி. எழுதப் படிக்கும் தமிழைத் திராவிட இயக்க ஏடுகளைத் தேடிப் படித்து அவரே தேடிக்கொண்டார். 1950-களில் கதை எழுதத் தொடங்கினார்.

அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இலக்கணம் சொல்லித் தர வாத்தியார் இல்லை. பத்திரிகை ஆபீஸ்கள் எல்லாம் சென்னையில். பகல் முழுக்கக் கடை. வாடிக்கையாளர் வந்தால் எழுந்து தவலையையும் செம்பையும் எடுத்துக் காட்ட வேண்டும், சில்லறை எண்ணிக் கொடுக்க வேண்டும். "இந்த நிலையில் உனக்கு எதற்கு நாவல்?" என்று யாராவது கேட்டிருந்தால் நியாயமான கேள்வி என்றே ஊர் சொல்லியிருக்கும்.

அவர் என்ன எழுதினார் என்று பாருங்கள். 1974-இல் வந்த 'புனலும் மணலும்' ஆற்றில் மணல் வாரிப் பிழைக்கிறவர்களின் கதை. 'பாச்சி' என்று ஒரு சிறுகதை. தெருவே கதியென்று கிடக்கும் ஒருவனுக்குச் சொந்தம் என்று இருந்த நாய் செத்துப்போகிறது, அவ்வளவுதான். சுமை தூக்குகிறவர்கள், சில்லறைத் திருடர்கள், ஊர் ஒதுக்கிய பெண்கள் என்று கடைத்தெருவில் நடமாடிய அத்தனை பேரும் அவர் பக்கங்களுக்குள் வந்தார்கள். வந்தவர்கள் மலையாளம் கலந்த தமிழையே பேசினார்கள். அந்தப் பேச்சைச் சலித்துச் சுத்தத் தமிழாக்கித் தர அவர் முயலவில்லை.

இங்கேதான் நான் நின்று சொல்ல விரும்புகிறேன். கடைத்தெருவில் உட்கார்ந்திருப்பதும், இரண்டு மொழிக்கு நடுவில் வளர்ந்ததும் எழுத்தாளன் ஆகத் தடை என்று மனசுக்குள் இருக்கும் சந்தேகம் சொல்லும். மாதவனுக்கு அதுவே கைமுதல் ஆயிற்று. சென்னையில் தமிழ் எம்.ஏ. படித்த ஒருவரால் சாலைத் தெருவை அப்படி எழுதியிருக்க முடியாது.

2010-இல் விஷ்ணுபுரம் விருது தொடங்கப்பட்டபோது முதல் விருதை வாசகர்கள் அவருக்குக் கொடுத்தார்கள். சாகித்திய அகாதெமி விருது 2015-இல், அவருடைய 81-ஆம் வயதில் வந்தது; அதுவும் 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்கு. நாவல் வந்து நாற்பது ஆண்டு கழித்து! எனக்கு அதில் தீராத ஆதங்கம் உண்டு. ஆனால் விருது வரட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் இருந்திருந்தால் இன்று நாம் பேச ஒன்றுமே இருந்திருக்காது. 2021 ஜனவரியில் அவர் மறைந்தார்.

இந்த ஊரிலிருந்து இப்படி எழுதியவர் அவர் மட்டுமா? 'மனோன்மணீயம்' எழுதிய சுந்தரம் பிள்ளை இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்தவர். 1891-இல், தமிழில் கவிதை நாடகத்துக்குச் சரியான முன்மாதிரி கூட இல்லாத நாளில் அதை வெளியிட்டார். எழுத்தாளர் நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளராக இருந்தவர்; அவருடைய 'தலைமுறைகள்' நாவல் வந்த 1968-இல் அவருக்கு வயது முப்பது. தமிழைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்ல இவர்கள்.

சந்தேகமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியதை மறுபடி படிக்க வைக்கிற சந்தேகம் நல்லது. தெரியாததைக் கற்றுக்கொள்ள அதுதான் விரட்டும். நோட்டை மூடி வைக்கச் சொல்கிற சந்தேகத்துக்குத்தான் செவி கொடுக்கக் கூடாது.

ஒரு மாணவி ஒரு நாள் என்னிடம் நோட்டுப் புத்தகம் ஒன்றை நீட்டினாள். திறந்தால் மலையாள எழுத்து. வாசித்தால் தமிழ்! ஆரியசாலையில் இருக்கும் தன் ஆச்சி வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்ன கதைகளை, ஆச்சியின் பேச்சு மாறாமல் எழுதியிருந்தாள். "தமிழ் எழுத்துச் சரியா வராது சார். தப்பா எழுதினா சிரிப்பாங்க" என்றாள். நான் சொன்னேன்: "அம்மா, எழுத்தை இரண்டு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். உன் ஆச்சி சொன்னதை உன்னைத் தவிர யார் எழுதுவார்கள்?"

சிரிப்பாங்க என்றாளே, யார் சிரிப்பார்கள்? நாம்தான், பெரியவர்களே. ஒற்றுப் பிழையைச் சுட்டிக்காட்டுகிற அவசரத்தில் கதை எப்படி இருக்கிறது என்று சொல்ல மறந்துவிடுகிறோம். ஒரு பிள்ளை பேனாவைக் கீழே வைக்க அது ஒன்றே போதும். முதலில் கதையைக் கேட்போம். பிழையை அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுப்போம்.

நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த கூட்டத்தில் சொற்பொழிவை அரை மணி நேரம் குறையுங்கள். என் பேச்சாக இருந்தால் என் பேச்சையே குறையுங்கள். அந்த நேரத்தை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கதவோரம் நிற்கும் தம்பி தங்கைகளே, பாதி எழுதி நிறுத்தியது எதுவாக இருந்தாலும், எந்த எழுத்தில் இருந்தாலும், அன்றைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் உட்கார்ந்து கேட்கிறோம்.